கல்லுக்கு ஏது மொழி?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு திருவள்ளுவர் சிலை இருக்கு. அந்த வழியா போனவங்க பாத்திருப்பீங்க. 1991-ல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தார் முயற்சியில் வந்த சிலை. திறக்க முடியல. எதிர்ப்பு வந்தது. அதே வருஷம் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு வந்து, டிசம்பரில் பெங்களூரில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரமும் நடந்து முடிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சிலையைத் திறப்பது பற்றிப் பேசவே ஆள் இல்லை. 18 வருஷம் மூடியே கிடந்தது. உலகத்துக்கே பொதுவா எழுதினார்னு நாம பெருமையா சொல்ற மனுஷன், ஒரு ஏரிக்கரையில் முகத்தை மூடிக்கிட்டு 18 வருஷம் நின்னார்.

2009 ஆகஸ்ட் 9-ம் தேதி அந்தச் சிலை திறக்கப்பட்டது. அப்போது தமிழ்நாட்டு முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார், கர்நாடக முதல்வர் எடியூரப்பா கூட இருந்தார். நாலே நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்தார். நம்மவர் ஈரடியில் எழுதினார், அவர் மூன்றடியில் எழுதினார். இருவரும் சொன்னது ஏறக்குறைய ஒரே மாதிரி விஷயங்கள்தான். சர்வக்ஞரின் மூவடிகள் அங்கே ஆடு மேய்ப்பவர் வாயிலும் இருக்கும் என்பார்கள்.

அன்னைக்கு ஓசூரில் இருக்கிற எங்களுக்கு உண்மையாவே சந்தோஷம். நீங்க சென்னையிலோ கோவையிலோ இருந்து இதைப் படிக்கறீங்க. உங்களுக்கு அது ஒரு நாள் செய்தி. எங்களுக்கு அப்படி இல்லீங்க. நாங்க பயிர் வைக்கறது இங்கே, விக்கறது அங்கே. பொண்ணு எடுத்தது அங்கே, கொடுத்தது இங்கே. உடம்பு சரியில்லன்னா ஓடறது பெங்களூருக்கு. இனிமே ரெண்டு பக்கமும் அடிச்சுக்க மாட்டாங்கன்னு நினைச்சோம்.

ஏழு வருஷம் ஆச்சு. 2016 செப்டம்பர் 12. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்த நேரம். அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பார்த்து வண்டிகளைக் கொளுத்தினார்கள். ஒரு தனியார் கம்பெனியின் பேருந்துகள் ஒரே இடத்தில் முப்பதுக்கும் மேல் எரிந்தன. ஊரடங்கு போட்டார்கள். தமிழ்நாட்டிலும் கன்னடர் கடைகள் மீது கை வைத்தவர்கள் உண்டு, அதையும் சொல்லிடணும். எல்லையில் இந்தப் பக்கம் ஜூஜூவாடி, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. பேருந்து ஜூஜூவாடியோடு நின்றுவிட்டது. வேலைக்குப் போறவங்க, கைக்குழந்தைக்காரங்க, எல்லாரும் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே எல்லையைத் தாண்டினார்கள். அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் பீன்ஸ் பறிப்பு. மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய மூட்டைகள் வீட்டு வாசலில் இரண்டு நாள் கிடந்து வாடிப் போனது. உள்ளூரில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டோம். பறி கூலிக்குக் கூட அது பத்தல.

வள்ளுவர் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தார். சர்வக்ஞர் இங்கே நின்றுகொண்டுதான் இருந்தார்.

அப்போ ஒரு பொதுச் சின்னத்தால் ரெண்டு சனத்தைச் சேர்த்து வைக்க முடியாதா? இந்தக் கேள்வி அந்த வாரத்திலிருந்து எனக்குள்ள இருக்கு. முடியாதுன்னு ஒரே வார்த்தையில் சொல்லிடலாம். ஆனா எங்க சீமையிலயே அதுக்கு எதிரான சாட்சி காட்டுக்குக் காடு நின்னுக்கிட்டு இருக்கு. அதனால அப்படிச் சொல்ல மனசு வரல. அதைச் சொல்றதுக்கு முன்னால இந்த எல்லை எப்படி வந்ததுன்னு கொஞ்சம் பாத்துடுவோம்.

இன்று ஜூஜூவாடியில் இருக்கிற கோடு, மொழி பார்த்து முதலில் போட்ட கோடு இல்லை. திப்பு சுல்தானோடு நடந்த சண்டையில் 1791-ல் ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் ஆங்கிலேயர் படை வந்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. அதில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கும்பினியார் கைக்குப் போனது. 1799-ல் திப்பு இறந்த பிறகு மேட்டு நிலமான ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதியும் சேர்ந்தது. பாராமகாலை நிர்வாகம் செய்ய வந்தவர் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. விவசாயி ஒவ்வொருத்தரோடும் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறைக்கு விதை போட்டது இங்கேதான். அவர்கள் பார்த்தது தீர்வை எவ்வளவு வரும் என்பதை. வீட்டில் என்ன பாஷை பேசறாங்க என்பதையா பார்த்தார்கள்?

ஓசூர் சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகாவாக இருந்தது. 1956-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது கோவை ஜில்லாவிலிருந்த கொள்ளேகால் மைசூருக்குப் போனது. ஓசூர் சென்னை ராஜ்யத்திலேயே நின்றது. 1965-ல் தர்மபுரி மாவட்டம், 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம். பெயர்ப் பலகை மாறிக்கிட்டே இருந்தது, ஊருக்குள்ள பேச்சு மாறல. இன்னைக்கும் எங்க பக்கம் ஒரே தெருவில் மூணு மொழி. கேழ்வரகு மாவைக் கிண்டி உருட்டினா தமிழ் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தெ, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. உருண்டை ஒண்ணுதான்.

இன்னும் பின்னால போனாலும் இதே கதைதான். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் சின்னக்கொத்தூர்னு ஒரு ஊர். பழைய பெயர் குந்தாணி. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் ஹொய்சள ராஜா ராமநாதனுக்கு அது தலைநகர். ஹொய்சளர் கன்னட தேசத்து வம்சம். ஆனால் ராமநாதன் காலத்துக் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் இருக்கு. அவர் சண்டை போட்டது யாரோட தெரியுமா? துவாரசமுத்திரத்தில் ஆண்ட தன் சொந்த அண்ணன் தம்பி முறைக்காரர் மூன்றாம் நரசிம்மனோடு. அந்தப் பக்கம் போனால் பெங்களூரு தொம்மலூர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டு. கோலார், பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளை நூறு வருஷத்துக்கு முன்பு லூயி ரைஸ் என்ற அதிகாரி தொகுத்தார். அந்தத் தொகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். யார் யாருடைய மண்ணில் இருக்கிறார் என்று கேட்டால் கல்லே குழம்பிப் போகும்.

இப்ப அந்தச் சாட்சிக்கு வர்றேன். நடுகல்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரத்தைப் போல் நடுகல் நிறைந்த சீமை தமிழ்நாட்டில் வேறு இல்லை. ஆடு மாடு ஓட்டிட்டுப் போற காட்டுல, ஏரிக்கரையில, புளியமரத்தடியில ஒரு பலகைக்கல் நிக்கும். அதுல ஒருத்தன் வில்லோ வாளோ பிடிச்சுக்கிட்டு இருப்பான். சிலதுல காலடியில மாடு இருக்கும். ஊரில் மாட்டுக்கூட்டத்தை எதிரிகள் ஓட்டிக்கொண்டு போகும்போது, அதை மீட்கப் போய்ச் செத்தவன் அவன். புலியோடு சண்டை போட்டு, பன்றியோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கும் கல் உண்டு.

இது எவ்வளவு பழைய வழக்கம் என்றால், தொல்காப்பியமே இதற்கு ஆறு படி சொல்கிறது. கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. தகடூர் என்கிற தர்மபுரியை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடின புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு. நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாத அந்த மனுஷன், இந்தச் சின்னக் கலயத்தில் வார்க்கிற கள்ளை ஏத்துக்குவானா என்று நடுகல் முன்னால் நின்று கேட்பது மாதிரி வரும். நம்ம ஜில்லா ராஜாவுக்கு வைத்த கல்.

இதைத் தமிழருடைய வழக்கம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் நான் பாதியைத்தான் சொன்னவனாவேன். கன்னடத்தில் இதற்கு வீரகல்லு என்று பெயர். தெலுங்கிலும் அதேதான். கல் என்கிற வார்த்தையே பொதுச் சொத்து. பழைய தமிழ் நடுகற்களில் மாட்டுக்கூட்டத்தைத் தொறு என்பார்கள். கன்னடக் கல்வெட்டில் அது துறு. மாடு கவர்வதற்கு அவர்கள் துறுகோள் என்பார்கள். நம்ம ஊரில் சிலை பெரும்பாலும் ஒரே கட்டம், வீரன் மட்டும். கன்னடப் பக்கம் மூன்று அடுக்கு வைப்பது அதிகம். கீழே சண்டை, நடுவில் தேவகன்னிகள் அவனை மேலே கூட்டிப்போவது, உச்சியில் அவன் சிவலிங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பது. எங்க எல்லைச் சீமையில் இந்த ரெண்டு வகையையும் பாக்கலாம்.

இன்னைக்கு பெங்களூரு என்று ஊரெல்லாம் பேசுகிற பெயர், முதன்முதலாக எங்கே கிடைக்கிறது? பேகூர் நாகேசுவரர் கோயிலில் இருக்கிற ஒரு வீரகல்லில்தான். 9-ம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் உள்ளது. பெங்களூரு சண்டையில் ஒருவர் இறந்த செய்தி அதில் இருக்கு. கம்ப்யூட்டர் கம்பெனி கட்டடம் எல்லாம் வர்றதுக்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி, சண்டையில விழுந்த ஒருத்தனோட கல்லில்தான் அந்த ஊர் பேர் பொறிச்சிருக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரெண்டு நாய்களின் கதை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு. கருந்தேவகத்தி என்கிற வீரன் இறந்து விழுந்தபோது, கோவிவன் என்கிற அவன் நாய் ரெண்டு கள்ளர்களைக் கடித்து அவனுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றதாம். நாயின் உருவத்தையும் பெயரையும் கல்லில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் மண்டியா மாவட்டம் ஆதகூரில் 10-ம் நூற்றாண்டுக் கன்னடக் கல். காளி என்கிற நாய் காட்டுப்பன்றியோடு சண்டை போட்டு, ரெண்டும் செத்துப் போச்சு. அந்த நாய்க்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டிருக்கிறார்கள்.

அந்த ஆதகூர்க் கல்லில் இன்னொரு செய்தியும் இருக்கு. தக்கோலப் போரில் கங்க அரசன் பூதுகன், சோழ இளவரசன் ராஜாதித்தனைக் கொன்ற செய்தி. நமக்கு அது தோல்வி, அவங்களுக்கு அது வெற்றி. அதே கல்லிலேயே செத்துப்போன நாய்க்காக மனசு உருகவும் செய்கிறது. அந்தச் செய்தியைப் படிக்கும்போது சோழன் செத்ததற்குக் கோபம் வருதா, நாய் செத்ததற்குத் துக்கம் வருதான்னு கேட்டா, மாடு நாய் வைத்திருக்கிற எனக்குத் துக்கம்தான் முதலில் வருது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். நடுகல் சமாதானத்துக்காக வைத்த சின்னம் இல்லை. சண்டைக்காக வைத்தது. மாட்டை ஓட்டினவன் ஒரு ஊர், மீட்கப் போனவன் இன்னொரு ஊர். கங்கன், நுளம்பன், பல்லவன், சோழன் என்று ஆளுக்கு ஆள் மோதின எல்லை இது. வைக்கும்போது அது ‘எங்க ஆளு’ என்று சொல்லித்தான் வைத்தார்கள். அப்படி வைத்த கல் இன்னைக்கு எப்படி மூணு மொழிக்காரனுக்கும் சாமி ஆச்சு?

எங்க ஊர் எல்லையில் ஒரு கல் இருக்கு. தளி ரோட்டுப் பக்கத்து ஊர்களில் இந்த மாதிரி நிறைய உண்டு. எழுத்து இருந்த இடம் தெரியும், ஆனா தேய்ஞ்சு போச்சு. தமிழ் வீட்டுக்காரங்க வேடியப்பன்னு கும்பிடறாங்க. எங்க ஜில்லாவில் வேடியப்பன், வேடியம்மாள்னு பேர் வைக்கிறது இதனாலதான். தெலுங்கும் கன்னடமும் பேசறவங்க வீரகல்லுன்னே சொல்றாங்க. பசு கன்னு போட்டா முதல் சீம்பால் அங்கே போகணும். மாட்டுக்குக் காய்ச்சல் வந்தா மஞ்சத்தண்ணி ஊத்தி வேண்டிக்கணும். மழை இல்லாத வருஷம் எல்லா வீட்டிலும் அரிசியும் கேழ்வரகும் வாங்கிப் பொங்கல் வைக்கணும். அந்த வீரன் யாரை எதிர்த்துச் செத்தான்னு யாருக்கும் தெரியாது. அவனைக் கொன்னவனோட பேரன்மாரும் இதே வரிசையில் தேங்காய் உடைச்சுக்கிட்டு இருக்கலாம்.

என் புத்திக்கு எட்டினது இதுதான். சண்டை மறந்து போச்சு, மாடு மறக்கல. அவன் யாருக்கு எதிரி என்பது அழிஞ்சு, எதைக் காப்பாத்தினான் என்பது மட்டும் நின்னுபோச்சு. மாடு மூணு வீட்டிலயும் இருக்கு. அதனால கல்லும் மூணு வீட்டுக்கும் பொதுவாச்சு.

பெங்களூரு கரகத்தையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். சித்திரைப் பௌர்ணமியில் தர்மராயர் கோயிலிலிருந்து திரௌபதிக்கு எடுக்கும் கரகம். எடுப்பவர்கள் திகளர் என்கிற தோட்டக்காரச் சமூகம். அவர்களுடைய முன்னோர் தமிழ்ச் சீமையிலிருந்து போனவர்கள் என்று சொல்லுவார்கள். இன்று அது பெங்களூரின் சொந்த அடையாளம். அந்தக் கரகம் வழியில் மஸ்தான் சாகிப் தர்காவுக்குப் போய் நின்றுவிட்டுத்தான் மேலே நடக்கும். யாரும் உத்தரவு போட்டு ஏற்படுத்தின ஒற்றுமை இல்லை. வருஷா வருஷம் கால் நடந்து நடந்து தடம் ஆகிவிட்டது. இங்கே எங்க பக்கத்துக் கிராமங்களிலும் திரௌபதி அம்மனுக்குப் பாரதக் கூத்து போடறோம்.

இப்ப சிலைக்கும் கல்லுக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சுப் பாருங்க. வள்ளுவரை அங்கே வைத்தோம், சர்வக்ஞரை இங்கே வைத்தார்கள். கல்யாணத்துக்கு மொய் எழுதற மாதிரி. நீ எனக்கு நூத்தியொண்ணு எழுதினா நான் உனக்கு நூத்தியொண்ணு. மொய் தப்புன்னு சொல்லல. உறவு அறுந்து போகாம இருக்க அதுவும் வேணும். 18 வருஷம் மூடிக்கிடந்ததைப் பெரிய கலவரம் இல்லாம திறந்தது சாமான்யமான காரியமும் இல்ல. ஆனா மொய் நோட்டுல உன் கணக்கு தனி, என் கணக்கு தனி. அல்சூரில் இருக்கிற கன்னடக்காரருக்கு வள்ளுவர்கிட்ட தினமும் ஆக வேண்டிய வேலை எதுவும் இல்ல. அயனாவரத்துக்காரருக்கு சர்வக்ஞர்கிட்ட எதுவும் இல்ல. எங்க ஊர்க் கல்லுகிட்ட எல்லாருக்கும் வேலை இருக்கு.

மனுஷனையே சின்னமா வச்சாலும் இப்படித்தான். கன்னடர்கள் தெய்வமாக் கொண்டாடின நடிகர் ராஜ்குமாருக்குச் சொந்த ஊர் காஜனூர். அது தாளவாடிப் பக்கம், இன்றைய ஈரோடு மாவட்டம், தமிழ்நாடு. ரெண்டு மாநிலத்தையும் சேர்க்க இதைவிட நல்ல பாலம் கிடைக்குமா? 2000 ஜூலை 30-ல் அதே காஜனூர் வீட்டிலிருந்து வீரப்பன் அவரைக் கடத்தினான். 108 நாள். அந்த நாட்கள் முழுக்க ரெண்டு பக்கமும் எல்லைக்காரன் உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு இருந்தான். பாலம்னு நினைச்சதே அன்னைக்குப் பயமா மாறிப்போச்சு.

சரி, நடுகல் மட்டும் எல்லாரையும் சேர்த்து வச்சுடுச்சான்னா, அதுவும் இல்ல. இதைச் சொல்லாம விட்டா நான் உங்ககிட்ட கிராமத்தை விக்கறவன் ஆயிடுவேன். கல் மொழி கேட்கல. ஆனா கல்லுகிட்ட நிக்கிற மனுஷன் சாதி கேட்கறான். யார் முதல்ல பூசை போடறது, யார் கிட்டக்க வரலாம், யார் எட்ட நின்னு கும்பிடணும் என்பதெல்லாம் இன்னும் பல ஊரில் இருக்கு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே வரிசையில் நிக்கும், காலனிக்காரர் மட்டும் தனி வரிசை. மூணு மொழியும் சேர்ந்தே ஒருத்தரை ஒதுக்கி வைக்குதுன்னா அந்த ஒற்றுமையால என்ன பிரயோஜனம்? எங்க ஊரில் பிள்ளைங்க படிச்சு வந்து கேட்க ஆரம்பிச்ச பிறகு இது கொஞ்சம் மாறியிருக்கு. கல் தானா மாத்தல, கேட்டதனால மாறினது.

இன்னொரு பக்கம் புது ஆட்கள். 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், அதுக்கப்புறம் டைட்டன். முதல்ல தமிழ்நாட்டு ஜில்லாக்களிலிருந்து ஆள் வந்தாங்க. இப்ப ஒடிசா, பீகார், அசாம், ஜார்க்கண்ட். ஊருக்குள்ளேயே லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கோம். எங்க தெருவில் இருக்கிற ஒடிசாப் பையன்கள் ரெண்டு பேர், ஒருநாள் ஷிப்ட் முடிஞ்சு வந்து கல்லுக்குச் செம்பருத்திப் பூ வச்சு ஊதுபத்தி கொளுத்திட்டுப் போனாங்க. என்ன சாமின்னு அவங்களுக்குத் தெரியாது. மஞ்சள் பூசியிருக்கு, சாமின்னு தெரிஞ்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் சொல்லல. நாலாவது மொழியும் வந்து சேர்ந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

இந்தக் கல்லுக்கு ரெண்டு வருஷமா ஒரு சோதனை. பக்கத்துக் கொல்லையை வித்துட்டாங்க, வீட்டுமனை போடறாங்க. கல் நிக்கிறது சரியா வரப்பு ஓரத்தில். மனை போடறவங்க தரப்பில் சொன்னது: கல்லை எடுத்து ஒரு மூலையில் வச்சு, டைல்ஸ் போட்டுச் சின்னக் கோயிலாவே கட்டித் தர்றோம், நல்ல சாமி பேரா ஒண்ணு சொல்லுங்க, போர்டு வைக்கிறோம். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஊர்க் கூட்டம் போட்டோம். கல்லை நகர்த்தறதா வேண்டாமான்னு பேச வந்த கூட்டம், பத்து நிமிஷத்தில் போர்டு எந்த மொழியிலன்னு சண்டையா மாறிடுச்சு. தமிழ்நாடு, அதனால தமிழ்னு ஒரு பக்கம். இந்த ஊரில் எங்க வீடுதான் முதல் வீடு, தெலுங்குல எழுதுன்னு ஒரு பக்கம். கன்னடம் பேசற பெரியவர் எழுந்து போயே போயிட்டார். எத்தனையோ தலைமுறையா இல்லாத சண்டை, ஒரு தகரப் பலகையால வந்தது.

அப்புறம் ஒரு வயசான அம்மா கேட்டாங்க, ‘இத்தனை நாளா பேரா வச்சுக் கூப்பிட்டோம்? வந்தோம், கும்பிட்டோம், போனோம். இப்ப எதுக்குப் பேரு?’ன்னு. கூட்டம் அடங்கிடுச்சு. போர்டு வேண்டாம், கோயிலும் வேண்டாம், கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், சுத்தி நாலடி விட்டுக் கம்பி போட்டாப் போதும்னு முடிவாச்சு. அதுக்கு எழுதின மனுவில் கையெழுத்து மூணு மொழியிலயும் விழுந்திருக்கு, கைநாட்டும் இருக்கு. காலனிக்காரங்க கையெழுத்தும் அதே தாளில்தான். அந்த நாலடி கிடைக்குமா இல்லையான்னு இன்னும் தெரியல.

இதுல எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். சின்னம் என்பது மாடு கட்டற முளைக்குச்சி மாதிரி. குச்சி மாட்டைப் பிடிச்சு வைக்கிறதில்ல, கயிறுதான் பிடிச்சு வைக்குது. கயிறுன்னா கொடுக்கல் வாங்கல், சந்தை, கல்யாணம், ஒரே ஏரித் தண்ணி, ஒரே மழைக்காக ஏங்கறது. கயிறு இருந்தா சாதாரணக் குச்சி கூடப் போதும். கயிறு இல்லாம தேக்கு மரத்தில் குச்சி அடிச்சாலும் மாடு தன் வழியில் போயிடும். 2016-ல் பெங்களூரில் வண்டி கொளுத்தினவங்களுக்கும் ஓசூர்க்காரனுக்கும் நடுவில் எந்தக் கயிறும் இல்ல. அதே வாரத்தில் எங்களுக்கு நாத்து கொடுக்கிற அத்திப்பள்ளிப் பக்கத்து நர்சரிக்காரர் கன்னடத்தில் போன் பண்ணி, ‘பத்திரமா இருங்க, இந்தப் பக்கம் வராதீங்க, பணம் அப்புறம் பாத்துக்கலாம்’னு சொன்னார். அவருக்கும் எனக்கும் நடுவில் கயிறு இருக்கு.

ரெண்டாவது, பொதுச் சின்னத்தில் யாரோட பேரையும் பெரிசா எழுதாம இருக்கிற வரைக்கும்தான் அது பொது. எழுதின அன்னைக்கு அது ஒருத்தனோடது ஆயிடும், மத்தவன் விருந்தாளி ஆயிடுவான். படிச்சவங்க கல்வெட்டைப் படிச்சு, இது இந்த ராஜா காலம், இந்த மொழின்னு சொல்றது அவசியம்தான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. அதைப் புஸ்தகத்தில் எழுதுங்க, மியூசியத்தில் எழுதுங்க. கும்பிடற இடத்தில் சண்டைக்குக் கொடி ஆக்காதீங்க.

ஓசூர்ப் பக்கம் இப்ப மனை வாங்க வர்றவங்க பெரும்பாலும் சென்னை, பெங்களூரு ஆட்கள்தான். உங்கள்ல யாராவது வந்தா, மனையோட நாலு மூலையையும் ஒரு தடவை நடந்து பாருங்க. புதர்ல மஞ்சள் பூசின பலகைக்கல் ஏதாவது சாஞ்சு கிடந்தா, ஜேசிபிக்காரர்கிட்ட நிறுத்தச் சொல்லுங்க, ஊர்ல நாலு பேரைக் கூப்பிட்டுக் கேளுங்க, தாசில்தார் ஆபீசுக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு தகவல் கொடுங்க. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வச்சிருக்காங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தா ஒரு மணி நேரத்தில் பாத்துடலாம். ஆனா அங்கே நிக்கிற கல்லுக்குச் சீம்பால் கிடையாது. வரப்பு ஓரத்தில் நிக்கிற கல்லுக்கு இன்னும் இருக்கு. அதனாலதான் நாலடி கேட்கறோம்.